அம்மாயியோட நோட்டுப் புத்தகம்: மலையில நர்ஸா இருந்தவங்க வாழ்க்கைய எப்படி எழுதறது?

சேலத்துப்பேத்தி:

வணக்கம்ங்க எல்லாருக்கும். எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) போன மாசியில தவறிட்டாங்க, எண்பது வயசு, கடைசி வரைக்கும் அவங்க துணிய அவங்களே துவைச்சுக்கிட்டவங்க. கவர்மெண்ட்ல நர்ஸா இருந்து 2002ல ரிட்டையர் ஆனாங்க. வர்ற மாசியில வருஷ திதி, அன்னைக்கு வர்றவங்களுக்கு குடுக்கறதுக்கு அவங்கள பத்தி சின்னதா ஒரு புக் போடலாம்னு வீட்டுல முடிவு பண்ணியிருக்கோம், எழுதற பொறுப்பு என் தலையில.

மாமா ஏற்கனவே ஒரு பக்கம் எழுதி வச்சிருக்காரு, அன்பின் வடிவம், தியாகச்சுடர், அப்படின்னு. அதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா அந்த பக்கத்துல பேர மாத்துனா யாருக்கு வேணும்னாலும் போட்டுக்கலாம், எங்க அம்மாயி அதுல இல்ல. எனக்கு தெரிஞ்ச அம்மாயி வீட்டுக்கு யாரு வந்தாலும், பால்காரம்மாவா இருந்தாலும் சரி, புதுசா கல்யாணம் ஆன பொண்ணா இருந்தாலும் சரி, வெளிச்சத்துக்கு கூட்டிட்டு போய் கீழ் இமைய கட்டைவிரலால லேசா இழுத்து உள்ள செவப்பா இருக்கா வெளுத்திருக்கான்னு பாத்துட்டு தான் உக்கார சொல்லுவாங்க. வெளுத்திருந்தா அன்னைக்கு அந்த வீட்டுக்கு முருங்கைக்கீரை போயிரும்.

வேலைய பத்தி அவங்க ரொம்ப பேசினதில்ல. ஏ.என்.எம்., அதாவது பிரசவம் பாக்கற கிராம நர்ஸ் ட்ரெய்னிங் முடிச்சுட்டு 1966ல ஏற்காடு மலையில வேலைக்கு சேந்தாங்க, நாகலூர் தாண்டி உள்ள இருக்கற ஊருங்க, அப்புறம் எங்க அம்மா கொஞ்சம் பெருசானப்புறம் கீழ இறங்கி சேலத்துக்கு மேற்கால ஊர்கள்ல வேலை பாத்தாங்க, இவ்வளவு தான் தெரியும். இப்ப அவங்க டிரங்குப் பெட்டிய திறந்தா கண்ணாடி சிரிஞ்சு, சின்ன ஸ்பிரிட் விளக்கு, மரத்துல கடைஞ்ச புனல் மாதிரி ஒண்ணு, அப்புறம் கட்டு கட்டா நோட்டு. ஆபீஸ் ரிஜிஸ்டர் இல்ல, அவங்களுக்குன்னு எழுதி வச்சுக்கிட்டது. ஒரு பக்கத்துல இப்படி இருக்கு (எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல, நான் தமிழ்ல போடறேன்):

ஜி4 பி3 எல்2. பல்லர் ++. ஆல்ப். டிரேஸ். எஃப்.எச்.எஸ். 140. கீழ அனுப்பணும். புருஷன் ஒத்துக்கல.
மறுபடி போனேன். மாமியார்கிட்ட பேசினேன். சரின்னாங்க. தூளி.

பின்னாடி வந்த ஒரு நோட்டுல "பெ. 3வது. தினம் பார்"னு எழுதி, அதுக்கு கீழ வரிசையா டிக் அடிச்சிருக்காங்க, வேற ஒரு வார்த்தை கூட இல்ல. இதெல்லாம் என்னன்னு யாராவது சொல்ல முடியுமா? அவங்க எங்கெங்க வேலை பாத்தாங்கன்னு தேதியோட எடுக்க வழி இருக்கா? இந்த நோட்டுல இருக்கறத புக்ல போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளைப்புடவை:

கண்ணு, நானும் இதே வேலை பாத்து ரிட்டையர் ஆனவ தான், பக்கத்து மாவட்டம். நீ எழுதினத படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல எனக்கு.

முதல்ல அந்த மர புனல். அது வயித்துல இருக்கற குழந்தையோட இதயத்துடிப்பு கேக்கறதுக்கு, ஃபீட்டோஸ்கோப். அகலமான வாய தாயோட வயித்துல வச்சு, இந்தப்பக்கம் காத வச்சு அழுத்தி, கைய எடுத்துரணும். கை பட்டா அந்த சத்தமும் சேந்து கேக்கும். செகண்ட் முள்ளு இருக்கற வாட்ச பாத்துக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். எஃப்.எச்.எஸ்.ன்னு எழுதினது அது தான். 120லருந்து 160க்குள்ள இருந்தா நல்லதுன்னு எங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க, 140ன்னா குழந்தை நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ஜி4 பி3 எல்2ன்னா நாலாவது தடவை கர்ப்பம், முன்னாடி மூணு பிரசவம், அதுல உயிரோட இருக்கறது ரெண்டு. ஒரு குழந்தைய அந்தம்மா ஏற்கனவே பறிகுடுத்திருக்காங்க. பல்லர் ரெண்டு பிளஸ்னா ரத்தமே இல்லாம வெளுத்து கிடக்காங்க, உங்க அம்மாயி இமைய இழுத்து பாத்தாங்கன்னு சொன்னியே, அதே தான், அந்த பழக்கம் எங்க யாருக்கும் போகாது, நான் இன்னமும் பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கற பொண்ணோட நகத்த பாத்துக்கிட்டு தான் வருவேன்.

ஆல்ப். டிரேஸ்னா யூரின்ல ஆல்புமின் லேசா இருக்கு. அதுக்கு தான் ஸ்பிரிட் விளக்கு. டெஸ்ட் டியூப்ல முக்கால்வாசி யூரின் எடுத்து, சாய்ச்சு பிடிச்சு மேல் பாகத்த மட்டும் சூடு பண்ணணும், கலங்குச்சுன்னா அசெட்டிக் ஆசிட் ரெண்டு மூணு சொட்டு விடணும், கலங்கல் தெளிஞ்சுட்டா பயம் இல்ல, தெளியாம அப்படியே நின்னா ஆல்புமின். காலு வீங்கி பிரஷரும் ஏறியிருந்தா ஜன்னி வர்ற கேஸ், தாயும் போயிரும் குழந்தையும் போயிரும். லேப் கிடையாது டாக்டர் கிடையாது, அந்த லயன் வீட்டு (எஸ்டேட் ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீடு) திண்ணையில உக்காந்து விளக்கு வெளிச்சத்துல டியூப பாத்து அவங்க தனியா முடிவு எடுத்திருக்காங்க, கீழ அனுப்பணும்னு. அப்புறம் புருஷன் ஒத்துக்கல. அங்க விட்டுட்டு வந்திருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, "சொன்னேன், கேக்கல"ன்னு எழுதிட்டு போயிருக்கலாம். மறுபடி போயி புருஷன விட்டுட்டு மாமியாரை பிடிச்சிருக்காங்க பாரு, அது புத்தகத்துல சொல்லிக்குடுக்காத வேலை.

சிரிஞ்சு பத்தியும் எழுது. ஒவ்வொண்ணையும் கழட்டி, தண்ணி நல்லா கொதிக்க ஆரம்பிச்சதுலருந்து இருபது நிமிஷம் வேக வைப்போம். ஊசி மழுங்கிட்டா சாணக்கல்லுல தீட்டி, முனைய பஞ்சுல இழுத்து பாப்போம், பஞ்சு மாட்டுச்சுன்னா முனையில கொக்கி இருக்கு, குழந்தைக்கு சதை கிழியும், மறுபடி தீட்டணும்.

அந்த டிக் மார்க்க பத்தி நாளைக்கு எழுதறேன். கொஞ்சம் யோசிச்சு எழுதணும்.

சில்வர்ஓக்:

நான் ஏற்காட்டுல தாங்க இருக்கேன், பொறந்து வளந்தது எல்லாம் எஸ்டேட் லயன்ல. நாகலூர் தாண்டி உள்ளன்னு சொன்னீங்களே, இன்னைக்கு அந்த ஊர்களுக்கு தார் ரோடு வந்துருச்சு, 1966ல எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு புரியணும்னா, அடிவாரத்துலருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வர்ற ரோட்ட நினைக்காதீங்க, அது துரைங்க காலத்துல இருந்து காபி இறக்கறதுக்கும் பங்களாவுக்கும் போட்டது. ஊர்களுக்குள்ள போறது ஒத்தையடிப் பாதை. ஒரு பக்கம் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறி பகல்லயே இருட்டா இருக்கும், ஐப்பசி மழையில மண்ணு வழுக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கே பனி மூடி அடுத்த ஆளு தெரியாது. இதுல வெள்ளைப் புடவையோட ஒரு கையில பை, ஒரு கையில கொடை.

தூளின்னா என்னன்னு எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கு கூட தெரியும். கம்பளியோ கெட்டி போர்வையோ மூங்கில் கழியில ரெண்டு முனையும் கட்டி, நடுவுல ஆள படுக்க வச்சு, முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தோள் குடுத்து தூக்கறது, மாத்தறதுக்கு இன்னும் நாலு பேரு கூட ஓடுவாங்க. ரோடு வரைக்கும் வந்துட்டா எஸ்டேட் ஜீப் கிடைக்கும், அப்புறம் மலை இறங்கணும். வலி எடுத்த பொண்ண அந்த வளைவுல இறக்கறது எவ்வளவு கொடுமைன்னு எங்க அம்மா சொல்லுவாங்க, நர்ஸம்மா பக்கத்துலயே தரையில உக்காந்து வயித்துல கைய வச்சுக்கிட்டே வருவாங்களாம். அது உங்க அம்மாயியா வேற ஒருத்தரான்னு தெரியலங்க, எங்க அம்மாவுக்கு எல்லாரும் நர்ஸம்மா தான்.

இன்னொண்ணு, மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்லங்க, எங்க மலைவாழ் சனங்க) ஊர்ல பிரசவம்னா அங்கயே ஒரு மருத்துவச்சி இருப்பாங்க, வயசான அம்மா. புதுசா வந்த நர்ஸ் அந்தம்மாவ பகைச்சுக்கிட்டா ஒரு வீட்டு கதவும் திறக்காது. நல்ல நர்ஸம்மாங்க என்ன பண்ணுவாங்கன்னா, அந்த மருத்துவச்சிய கூடவே உக்கார வச்சுக்கிட்டு, அருவாளுக்கு பதிலா புது பிளேடு, வேக வச்ச நூலு, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவறது, தொப்புள்ல சாணி சாம்பல் எதுவும் வைக்கக்கூடாது, இத மட்டும் பழக்கி விடுவாங்க. மத்ததெல்லாம் அந்தம்மாவுக்கே தெரியும். இத கண்டிப்பா எழுதுங்க.

என் யோசனை, நோட்டுல ஊர் பேரு ஆள் பேரு இருக்கும்ல, அத லிஸ்ட் எடுத்து போட்டோ போட்டு எல்லா குரூப்லயும் அனுப்புங்க, அவங்க கையில பொறந்த குழந்தைங்க எல்லாம் இன்னைக்கு ஐம்பது வயசு ஆளுங்க, ஒவ்வொருத்தரா கண்டுபிடிச்சு பேரோட புக்ல போட்டா எவ்வளவு பெருமை! நேர்ல வர்றதா இருந்தா கார்த்திகைக்கு முன்னாடி வாங்க, அப்புறம் காபிப் பழம் பறிக்க எல்லாரும் தோட்டத்துக்கு போயிருவாங்க, சாயங்காலம் தான் பிடிக்க முடியும். நானே கூட்டிட்டு போறேன்.

குகைத்தெருக்காரன்:

தேதி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். பென்ஷன் வாங்கினவங்கன்னா வீட்டுல பி.பி.ஓ. (பென்ஷன் பேமென்ட் ஆர்டர்) புத்தகம் இருக்கும், முதல்ல அத தேடுங்க, கடைசி பதவி, ரிட்டையர் ஆன தேதி எல்லாம் அதுல கிடைக்கும். எந்த வருஷம் எந்த ஊருங்கறது பணிப்பதிவேட்டுல தான் இருக்கும், எஸ்.ஆர்.னு சொல்லுவாங்க. அவங்க கடைசியா வேலை பாத்த சுகாதாரத் துறை ஆபீஸ்ல வாரிசுன்னு சொல்லி எழுதிக் கேளுங்க. வாயால கேட்டுட்டு திரும்பி வந்துராதீங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். பழைய பதிவேடு இல்லன்னு பதில் வரவும் வாய்ப்பு இருக்கு, அதனால டிரங்குப் பெட்டியில மணியார்டர் ரசீது, டிரான்ஸ்ஃபர் ஆர்டர், கடுதாசி கவர் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, கவர் மேல இருக்கற அட்ரஸும் தபால் முத்திரை தேதியும் போதும், எந்த வருஷம் எங்க இருந்தாங்கன்னு வரிசைப்படுத்திரலாம். எங்க தாத்தா மில்லு வேலைக் கதைய அப்படித்தான் சேத்தேன்.

வெள்ளைப்புடவை:

நேத்து சொன்னேன்ல, அந்த டிக்.

"பெ. 3வது"ன்னா மூணாவதும் பொண்ணு. அந்த நோட்டு தொண்ணூறுகள்ல எழுதினதா இருக்கும், பாரு. சேலம் மாவட்டத்துல அப்ப என்ன நடந்துச்சுன்னு உனக்கு தெரியுமான்னு தெரியல கண்ணு. பொண்ணு பொறந்தா வீட்டுலயே முடிச்சுருவாங்க, எல்லா வீட்டுலயும் இல்ல, ஆனா நடந்துச்சு. அதுக்காகத்தான் 1992ல தொட்டில் குழந்தை திட்டம் வந்தது, முதல்ல ஆரம்பிச்சதே சேலத்துல தான், வேண்டாம்னா கொல்லாதீங்க, எங்ககிட்ட குடுத்துருங்கன்னு. ரெண்டு பொண்ணு இருக்கற வீட்டுல மூணாவது பிரசவம்னா எங்களுக்கு முன்னாடியே நெஞ்சு அடிச்சுக்கும். குழந்தை பொறந்ததுலருந்து தினம் அந்த வீட்டுக்கு போவோம். எடை பாக்க வந்தேன், தொப்புள் காஞ்சிருச்சான்னு பாக்க வந்தேன், தாய்க்கு சத்து மாத்திரை குடுக்க வந்தேன், ஏதாவது ஒரு சாக்கு. உள்ள போயி குழந்தைய கையில வாங்கி, பால் குடிக்குதான்னு பாத்துட்டு, "நாளைக்கும் வருவேன்"னு அந்த வீட்டு பெரியவங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டு வருவோம். திட்டுவாங்க, கதவ சாத்துவாங்க, நாய அவுத்து விட்டவங்களும் உண்டு.

ஒரு டிக்னா அன்னைக்கு அந்த குழந்தை உயிரோட இருந்துச்சுன்னு அர்த்தம். வரிசையா டிக் இருக்குன்னு நீ எழுதியிருக்க. அந்த பொண்ணு பிழைச்சுருச்சு கண்ணு. உங்க அம்மாயி தினம் போயி போயி பிழைக்க வச்சாங்க.

அதனால தான் சில்வர்ஓக் தம்பி சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். தம்பி நல்ல மனசோட தான் சொல்றாரு. ஆனா அந்த பொண்ணுக்கு இன்னைக்கு முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகி குழந்தை இருக்கும், அவ அப்பா அம்மா கூட நல்லா இருப்பா. அவ வீட்டுக்கு ஒரு நர்ஸ் ஏன் தினம் வந்தாங்கன்னு அவளுக்கு தெரியாமயே இருக்கலாம். ஊர் பேரோட புக்ல அடிச்சு குடுத்தா, அத எவனாவது படிச்சு அவகிட்ட சொன்னா? யாருக்கு ரத்தம் இல்ல, யாரு குழந்தை தங்கல, யாரு புருஷனுக்கு தெரியாம காப்பர் டி போட்டுக்கிட்டா, இது எல்லாம் அந்த நோட்டுல இருக்கும். உங்க அம்மாயி உங்ககிட்ட கூட பேசலன்னு சொன்னியே, பேச விஷயம் இல்லாம இல்ல. அத்தனை வருஷம் காப்பாத்தினாங்க, அதுவும் அவங்க வேலை தான்.

சில்வர்ஓக்:

அம்மா, நீங்க சொன்னத படிச்சதுக்கு அப்புறம் பேர் லிஸ்ட் வேண்டாம்னு தான் எனக்கும் தோணுது. ஆனா எங்க மலையில நர்ஸம்மாவ பத்தி தானா சொல்லணும்னு ஆசைப்படறவங்க நிறைய பேரு இருக்காங்க, வாய் நிறைய சொல்லுவாங்க. அவங்கள தடுக்க வேண்டாமே. நோட்ட காட்டாம, அம்மாயி போட்டோவ மட்டும் எடுத்துட்டு வாங்க. டீக்கடையில உக்காந்து இவங்கள தெரியுமான்னு கேளுங்க, தெரிஞ்சவங்க அவங்களாவே சொல்றத அவங்க சம்மதத்தோட எழுதிக்கலாம்.

சேலத்துப்பேத்தி:

என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த டிக் பத்தி எழுதினத அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், அம்மா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் சொன்ன விஷயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாது. மலையில இருந்தப்ப அம்மாவுக்கு எட்டு வயசு, ராத்திரி யாராவது டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து கதவ தட்டுவாங்க, அம்மாயி பைய எடுத்துட்டு போயிருவாங்க, பக்கத்து வீட்டு அக்கா வந்து படுத்துக்கும். அம்மாவுக்கு ஒரு தடவை தட்டம்மை போட்டு உடம்பெல்லாம் எரியறப்பவும் அம்மாயி வேற வீட்டு பிரசவத்துல இருந்தாங்களாம். "ஊருக்கெல்லாம் நர்ஸம்மா, எனக்கு மட்டும் அம்மா இல்ல"ன்னு அம்மா பல வருஷம் மனசுல வச்சிருந்தாங்களாம், கல்யாணம் ஆகி என்னைய பெத்தப்ப தான், பிரசவ வலியில அம்மாயி கைய பிடிச்சுக்கிட்டு இருந்தப்ப தான், அது கொஞ்சம் கரைஞ்சதுன்னு சொன்னாங்க. இத எழுதலாமா? மாமா வேண்டாம்ங்கறாரு, திதிக்கு குடுக்கற புக்ல குறை சொல்ற மாதிரி ஆயிரும்னு.

வெள்ளைப்புடவை:

எழுது. உங்க அம்மா சம்மதிச்சா கண்டிப்பா எழுது, உங்க அம்மா வாயால சொன்ன மாதிரியே எழுது. அந்த ராத்திரிங்க உங்க அம்மாவோடது, அம்மாயியோடது மட்டும் இல்ல. என் பையனும் அப்படித்தான் வளந்தான். சமவெளின்னா 5000 பேருக்கு ஒரு சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்), மலைன்னா 3000க்கு ஒண்ணுன்னு கணக்கு, ஆனா அந்த 3000 பேரும் ஒரே ஊர்ல இல்ல, ஆளுக்கு ஒரு மேட்டுல. ராத்திரி கூப்பிட்டா போகாம இருக்க முடியாது, போனா பெத்த பிள்ளைய விட்டுட்டு தான் போகணும். இத எழுதாம அவங்க செஞ்ச வேலைய மட்டும் எழுதினா அந்த வேலைக்கு அவங்க குடுத்த விலை தெரியாம போயிரும். மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

சேலத்துப்பேத்தி:

சரிங்கம்மா. அம்மாவே எழுதித் தரேன்னு சொல்லிட்டாங்க, ஒரு பக்கம் அவங்களோடது. நோட்டுல இருந்து பேர், ஊர், தேதி எதுவும் போடல, அந்த தூளி வரியும் டிக் மார்க்கும் மட்டும் ஆள் தெரியாத மாதிரி நீங்க சொன்ன விளக்கத்தோட போடறேன். மாமா எழுதின பக்கத்தையும் எடுக்கல, அது அவரு அம்மாவுக்கு அவரு எழுதினது. பி.பி.ஓ. புத்தகம் பீரோவுல கிடைச்சுருச்சு, எஸ்.ஆர்.க்கு மனு எழுதிட்டேன், ரொம்ப நன்றிங்க குகைத்தெருக்காரன். சில்வர்ஓக் அண்ணா, அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு மேல வரோம், அம்மாவுக்கு அந்த ஊர பாக்கணுமாம். நோட்டெல்லாம் ஓரம் உதிருது, லேமினேட் பண்ணிரலாமா?

வெள்ளைப்புடவை:

லேமினேட் பண்ணிறாத கண்ணு, சூடு பட்டா பழைய இங்க் கலைஞ்சுரும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. வெயில் நேரா படாத வெளிச்சத்துல வச்சு ஃபோன்லயே பக்கம் பக்கமா போட்டோ எடுத்துக்கோ, நோட்ட சுத்தமான வெள்ளை காட்டன் துணியில சுத்தி, காஞ்ச வேப்பிலைய துணிக்கு வெளியில போட்டு பெட்டியில வை, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து பாரு. இன்னும் புரியாத வரி இருந்தா பேர மறைச்சுட்டு எனக்கு அனுப்பு, நான் படிச்சு சொல்றேன்.